மைதான வாசலில் நிற்கும் வெண்கலச் சிலையைக் கழுவி மெழுகு பூசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் விளையாட்டு மைதான வாசலில் ஒரு ஹாக்கி வீரரின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஆளுயரம், ஒரு காலில் எடை, மட்டை தரையைத் தொடுகிற மாதிரி. கடற்கரை இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆறு வருடமாக அந்தச் சிலையை அவரிடம் விளையாட்டுக் கற்ற நாங்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொள்கிறோம். முதல் வருடம் சிலைப் பாதுகாப்பு தெரிந்த ஒருவர் நேரில் வந்து நின்று சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் பக்கத்து ஊர்களில் கூப்பிட்டால் நாங்கள் போய்ச் சொல்லிக்கொடுக்கிறோம். போகிற இடமெல்லாம் ஒரே மாதிரித் தவறுகளைப் பார்ப்பதால் மொத்தத்தையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சிலையைப் பளபளவென்று ஆக்குவது நம் வேலை இல்லை. வெண்கலத்தின் மேல் தெரிகிற அந்தப் பழுப்போ கருமையோ அழுக்கு இல்லை. வார்ப்பு முடிந்ததும் உலோகத்தைச் சூடாக்கி, ரசாயனம் தடவி, சிற்பி வேண்டுமென்றே ஏற்றிய நிறம் அது. பட்டினா என்பார்கள். காகிதத்தைவிட மெல்லிய தோல் மாதிரி. அந்தத் தோல் இருக்கும்வரைதான் உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் பாதுகாப்பு. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கை நம்முடையது, அதே கை இங்கேயும் தானாக நீளும். புளி, எலுமிச்சை, பீதாம்பரி எதுவும் சிலைப் பக்கமே வரக்கூடாது.

1. அது வெண்கலம்தானா என்று பாருங்கள்

வெண்கல நிறப் பெயின்ட் அடித்த சிமென்ட் சிலையும் ஃபைபர் சிலையும் நம் ஊர்களில் நிறைய உண்டு. கீழே சொல்லும் எந்த முறையும் அவற்றுக்குப் பொருந்தாது. டர்பன்டைன் பட்டால் பெயின்ட் கையோடு வந்துவிடும்.

விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். வெண்கலச் சிலை உள்ளே கூடு, அதனால் மணி மாதிரி லேசான அதிர்வு கேட்கும். ஃபைபர் டப்பாச் சத்தம் போடும், சிமென்ட்டில் சத்தமே வராது. காந்தம் வெண்கலத்தில் ஒட்டாது, ஆனால் ஃபைபரிலும் ஒட்டாது என்பதால் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். விடியற்காலையில் தொட்டுப் பார்த்தால் உலோகம் சில்லென்று இருக்கும். மக்கள் அடிக்கடி தொடும் கை, பந்து, பூட்ஸ் நுனி மாதிரி இடங்களில் மஞ்சளாக உலோகம் மின்னினால் சந்தேகமே வேண்டாம். கத்தியால் சுரண்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தக் கீறல் அப்படியே நிற்கும், யாரையும் செய்ய விடாதீர்கள்.

வெண்கலத்தின் மேலேயே ஏற்கெனவே யாராவது தங்க நிறமோ கறுப்போ அடித்திருந்தால் இத்தோடு நிறுத்திவிட்டு நிபுணரைக் கூப்பிடுங்கள். பெயின்ட்டை எடுக்கும்போது பட்டினாவும் சேர்ந்து போகாமல் எடுப்பது பழகிய கைகளால் மட்டும்தான் முடியும்.

2. எழுத்தில் அனுமதி, காவல் நிலையத்துக்குத் தகவல்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சிலை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நகராட்சியோ விளையாட்டு ஆணையமோ பள்ளி நிர்வாகமோ, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என்ன பொருள் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். சிலை செய்த சிற்பியோ பட்டறையோ தொடர்பில் இருந்தால், எந்த நிறம் ஏற்றினார்கள், மேலே மெழுகா லாக்கரா (வார்னிஷ் மாதிரிக் காய்ந்து இறுகும் பூச்சு) என்று கேளுங்கள். லாக்கர் பூசியிருந்தால் அது உரிந்து நிற்கிற இடங்களில் நாம் கை வைக்கவே கூடாது.

அதே கடிதத்தின் நகலைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். நம் ஊரில் காலை 6 மணிக்கு நாலு பேர் சாரம் கட்டி ஒரு சிலைமேல் ஏறி நின்றால், துணியால் மூடினால், பார்க்கிறவர்கள் வேறு மாதிரிதான் நினைப்பார்கள். படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள், அரை மணி நேரத்தில் கூட்டம் கூடிவிடும். "சிலை பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை, கீழே யார் செய்கிறார்கள் என்ற விவரம், இது போதும். துணியால் முகத்தை மூடவே மூடாதீர்கள்.

3. நாளும் நேரமும்

எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. அதனால் செப்டம்பரில் ஒரு முறை, பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் ஒரு முறை. மழைக்கு முன்னால் பூசும் மெழுகு குடை மாதிரி, மழைக்குப் பின்னால் செய்வது சேதம் பார்க்கத்தான். கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் வருடத்துக்கு ஒரு முறையே போதும், அதைச் செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 6 மணிக்குக் கழுவத் தொடங்கினால் 8 மணிக்குக் கழுவி முடியும், வெயில் ஏறி 9:30 வாக்கில் நன்றாக உலரும், உலோகம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெழுகு பூசிவிடலாம். உள்ளங்கையைச் சிலையின் தோளில் வைத்து நிதானமாகப் பத்து எண்ண முடிகிறதா? அதுதான் சரியான சூடு. அதற்கு மேல் சுட்டால் மெழுகு இளகி வழியும், துடைக்கத் துடைக்கத் துணியோடு வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

4. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

பாதி வேலையில் ஒருவர் கடைக்கு ஓடினால் சோப்புத் தண்ணீர் சிலையிலேயே காய்ந்து வெள்ளைப் படலமாக உட்கார்ந்துவிடும். அதனால் முதல் நாளே எல்லாம் வந்திருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எங்கள் முதல் வருடத்தில் மைதானத்து போர் தண்ணீரிலேயே கடைசிவரை அலசிவிட்டோம். உலர்ந்ததும் மார்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. உப்புத் தண்ணீர் காயும்போது உப்பை உலோகத்தின் மேலேயே விட்டுவிட்டுப் போகிறது, கடலோர ஊரில் நாம் எதை எதிர்த்து வேலை செய்கிறோமோ அதையே நாமே கொண்டுவந்து ஊற்றின கதை. இப்போது கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர், கடைசி அலசலுக்கு 20 லிட்டர் ஆர்ஓ கேன். ஆளுயரச் சிலைக்கு மூன்று கேன் எடுத்து வைக்கிறோம்.

சோப்பு என்றால் நடுநிலையான திரவ சோப்பு, பிஎச் 7 என்று போட்டிருக்க வேண்டும், வாசனை, நிறம், ப்ளீச் எதுவும் இல்லாதது. ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. துணி துவைக்கும் தூள் காரத்தன்மை உள்ளது, வேண்டாம்.

பிரஷ் மென்மையான முடி உள்ளதாக நாலைந்து வாங்குங்கள். பெயின்ட் பிரஷ்ஷில் முடியைப் பிடித்திருக்கிற தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், அந்தத் தகர விளிம்புதான் தெரியாமல் கீறல் போடும். மடிப்புகளுக்குப் பழைய டூத் பிரஷ், ஷூ லேஸ் இடுக்கு மாதிரி இடங்களுக்குத் தென்னை ஈர்க்குச்சி. பச்சை ஸ்க்ரப்பர், கம்பி நார், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

துணிக்குப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. பல தடவை துவைத்ததால் நூல் உதிராது. கரையை, அதிலும் ஜரிகை இருந்தால் கண்டிப்பாக, வெட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மெழுகு என்று கேட்டால் கடையில் கார் பாலிஷைக் கொடுப்பார்கள். அதில் தேய்க்கும் துகளும் சிலிகானும் இருக்கும். துகள் பட்டினாவை அரிக்கும், சிலிகான் அடுத்த தடவை எடுக்க வராது. நமக்கு வேண்டியது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகுப் பசை. அருங்காட்சியகங்களில் உலோகப் பொருட்களுக்குப் பயன்படுத்துவது. வெறும் தேன்மெழுகு மென்மையானது, நம் வெயிலுக்குப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். 200 கிராம் டப்பா ஒன்று வாங்கினோம், ஆளுயரச் சிலைக்கு இரண்டு பூச்சு போட்டும் மீந்தது.

சாரம் அல்லது தானாக நிற்கும் ஏணி. சிலைமேல் சாய்க்கிற ஏணி கூடாது. காரணம் அடுத்த பகுதியில்.

5. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் பார்த்து முடியுங்கள்

எட்டுத் திசையிலிருந்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் நின்று எடுத்தால்தான் எது மாறியிருக்கிறது என்று தெரியும். தரையில் பெயின்ட்டால் சின்னப் புள்ளி வைத்திருக்கிறோம்.

விளையாட்டு வீரர் சிலைகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தலைவர் சிலை நேராக நிற்கும். வீரர் சிலை ஓடும், குனியும், ஒற்றைக் காலில் திரும்பும். கையிலிருந்து மட்டை, பேட், ஈட்டி என்று ஏதாவது வெளியே நீண்டிருக்கும். வார்த்தெடுத்த துண்டுகளை வெல்டிங் வைத்துத்தான் சேர்த்திருப்பார்கள், அதனால் கணுக்கால், மணிக்கட்டு, மட்டை கையைச் சேரும் இடம், இந்த மூன்றையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடி போல ஒரு கோடு, அதிலிருந்து துரு நிறத்தில் ஒழுகல் இருந்தால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அன்றைக்குக் கழுவாதீர்கள். பையன்கள் அந்த நீண்ட கையில் தொங்கிப் படம் எடுப்பார்கள், ஏணியையும் அதில்தான் சாய்ப்பார்கள், இரண்டும் வெல்டிங்கைத்தான் பதம் பார்க்கும்.

பாதத்துக்குக் கீழே அல்லது பூட்ஸ் ஓரத்தில் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே சேரும் ஈரம் வெளியே வடிய வைத்தவை. "ஓட்டையாக இருக்கிறதே" என்று எம்சீல் வைத்து அடைத்த ஊர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் நின்று, இரண்டு மழைக்காலத்துக்குள் பாதத்தைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. ஈர்க்குச்சி விட்டு அந்த ஓட்டைகளைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் பச்சை நிறம். இதில்தான் குழப்பம் அதிகம். கெட்டியாக, சீராக, விரலில் ஒட்டாமல் இருக்கும் பச்சை ஆபத்தில்லை. வெளிர் பச்சையில், மாவு மாதிரி, குழிக்குள் உட்கார்ந்திருப்பதுதான் கெட்ட களிம்பு. கடல் காற்றின் குளோரைடு உலோகத்துக்குள் புகுந்து, ஈரம் பட்டால் மறுபடி மறுபடி அரிக்கிறது. சோதிக்க எளிய வழி உண்டு. காய்ந்த பிரஷ்ஷால் அந்த மாவைத் தட்டிவிட்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஈரக்காற்றுள்ள இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி மாவு பூத்திருந்தால் நிபுணர் வேலை. அதன் மேலேயே மெழுகு பூசினால் நோயை மூடிப் போட்டு உள்ளே வளர்ப்பதுதான்.

6. காய்ந்த சுத்தம்

தண்ணீர் தொடுவதற்கு முன்னால் தூசியைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். மணல் இருக்கும்போது ஈரத் துணியை வைத்துத் தேய்த்தால் அதுவே உப்புத்தாள்.

கழுத்தில் தங்கிய மாலை நார், கம்பி எல்லாவற்றையும் இழுக்காமல் வெட்டி எடுங்கள். பறவை எச்சம் காய்ந்து கெட்டியாக இருந்தால் சுரண்ட வேண்டாம், ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறி வரும். எச்சத்தின் அமிலம் ஏற்கெனவே நிறத்தைத் தின்றிருந்தால் அந்த இடம் வெளிறித் தெரியும், அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஒட்டிய சூயிங்கத்துக்கு ஐஸ் வைத்து இறுக வைத்து உதிர்த்துவிடலாம்.

7. பீடத்தை நனையுங்கள், அப்புறம் சிலை

இந்த வரிசை முக்கியம். காய்ந்த கருங்கல் பீடத்தில் அழுக்குத் தண்ணீர் விழுந்தால் கல் உறிஞ்சிக்கொள்ளும், பச்சையும் பழுப்புமாகக் கோடு விழும். முதலிலேயே நல்ல தண்ணீரில் பீடம் முழுக்க நனைத்து, கழுவி முடியும்வரை ஒருவர் அதைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் அழுக்கு வழிந்து ஓடிவிடும். ஏற்கெனவே கறை இருந்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், தெறிக்கிற துளி சிலையின் பாதத்தில் தான் விழும்.

அப்புறம் சிலை முழுவதையும் வெறும் தண்ணீரில் நனையுங்கள். தோட்டக் குழாயின் அழுத்தம் போதும், கார் கழுவும் மெஷின் வேண்டாம். தலையில் தொடங்கி ஒரு தடவைக்கு ஒரு முழம் அளவு இடம் மட்டும் எடுத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷைத் தோய்த்து வட்டமாக லேசாகத் தேய்த்து, உடனே அலசிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். ஆள் நிறைய இருக்கிறார்கள் என்று நாலு பக்கமும் ஒரே நேரத்தில் நுரை போடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்வது. அலச ஆள் வருவதற்குள் பாதி காய்ந்துவிடும். ஒருவர் தேய்க்க, ஒருவர் அலச, அது போதும்.

எத்தனை தேய்ப்பு என்று கேட்பார்கள். வடிகிற தண்ணீர் தெளிவாகும்வரை. துணியில் பழுப்பு நிறம் தொடர்ந்து வந்தால் நிறுத்துங்கள், வருவது அழுக்கில்லை, பட்டினா. கடைசியாக கேன் தண்ணீரை மக்கில் மொண்டு தலையிலிருந்து மெதுவாக ஊற்றி அலசுங்கள்.

8. உலர்த்துவது

வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அக்குள், சட்டைக் காலர், மட்டைக்கும் கைக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும், அங்கே துணி நுனியைத் திரியாக்கி விட்டு உறிஞ்சுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் முழுதாக ஒதுக்குங்கள். உள்ளே ஈரம் இருக்க மேலே மெழுகு போட்டால் அது வெள்ளையாகப் பூத்து நிற்கும், அதை எடுக்க மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

போன வருட மெழுகு இடுக்குகளில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கட்டியிருந்தால் இப்போதுதான் எடுக்க வேண்டும். பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைத் துணியில் தொட்டு, அந்த இடத்தை மட்டும் துடையுங்கள். கையுறை போடுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் யாரும் பற்றவைக்கக் கூடாது, ஊதுவத்தியும்தான்.

9. மெழுகு

அளவுதான் இங்கே எல்லாம். முகத்துக்கு க்ரீம் தடவுகிற அளவு, அதற்கும் குறைவு. தடித்துப் பூசினால் அதிக நாள் நிற்கும் என்று தோன்றும், நடப்பது வேறு. தடித்த மெழுகு காயாமல் மைதானத்துத் தூசியெல்லாம் அதில் ஒட்டி, ஒரு மாதத்தில் சிலை சாம்பல் நிறமாகிவிடும்.

முடியைக் கட்டையாக வெட்டிய பிரஷ்ஷில் கொஞ்சம் எடுத்து வட்டமாகத் தடவி, நுண்ணிய குழிகளுக்குள் இறங்கும்படி அழுத்துங்கள். தலை, தோள், மார்பு என்று கீழே வாருங்கள். பூசிய இடம் மங்கலாகும்வரை, பதினைந்து இருபது நிமிடம், விட்டுவிடுங்கள். அப்புறம் சுத்தமான வேட்டித் துணியால் மெருகேறத் துடையுங்கள். மங்கல் போய், நிறம் ஒரு சாயல் ஆழமாகத் தெரியும். அவர் முகத்தில் அந்த நிறம் திரும்பி வருகிற நேரம் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு. ஒரே பூச்சில் எங்கேயாவது விட்டுப்போகும், இரண்டாவது அதை மூடும். தோள் மேல்புறம், தலை உச்சி, மட்டையின் மேல்பக்கம் என்று மழை நேராக விழும் இடங்களுக்கு மூன்றாவது பூச்சும் போடுகிறோம். வடிகால் ஓட்டைகளில் மெழுகு அடைத்திருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள்.

கேஸ் டார்ச்சால் உலோகத்தைச் சூடாக்கி மெழுகை உருக்கிப் பூசும் முறையும் உண்டு, நிபுணர்கள் செய்வார்கள், இன்னும் நன்றாக இறங்கும். பழகாத கையில் டார்ச் கொஞ்சம் அதிகம் நின்றாலும் பட்டினாவின் நிறமே மாறிவிடும். நாம் குளிர்முறையோடு நிற்போம்.

10. கை பட்டு மின்னும் இடங்கள்

எங்கள் சிலையில் மட்டை பிடித்த வலது கை மஞ்சளாக மின்னுகிறது. போட்டிக்குப் போகிற பிள்ளைகள் தொட்டுவிட்டுப் போவார்கள். கை தேய்ந்தும் வியர்வையின் உப்பு பட்டும் பட்டினா போய்விட்டது. அதற்கு மறுபடி நிறம் ஏற்றலாமா என்று கேட்டபோது எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஏற்ற வேண்டாம் என்பது என் முடிவு. அந்த மினுக்கம் ஊர் அவரைத் தொடுகிறது என்பதற்குச் சாட்சி. ஆனால் அங்கே பாதுகாப்புத் தோல் இல்லை, அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கையை மட்டும் துடைத்து மெழுகு பூசுகிறோம், பத்து நிமிட வேலை.

11. மாலையும் பாலும் சந்தனமும்

அன்பில் செய்வதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. 2022 மார்ச்சில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஷேன் வார்ன் இறந்தபோது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே இருக்கும் அவருடைய வெண்கலச் சிலையின் காலடியில் ரசிகர்கள் பூக்களோடு பீர் கேன், சிகரெட் பாக்கெட், இறைச்சி அடைத்துச் சுட்ட பை (pie) என்ற பண்டம் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். அவருக்குப் பிடித்ததைக் கொடுத்தார்கள். நம் ஊரில் அது மாலை, பால், சந்தனம், கற்பூரம்.

மாலையை நாரில் கட்டச் சொல்லுங்கள், கம்பியில் வேண்டாம், மறுநாளே எடுத்துவிடுங்கள். அழுகும் பூவின் சாறு கழுத்தில் கறை விடும். பாலாபிஷேகம் கண்டிப்பாக வேண்டாம், புளித்த பால் அமிலம், இடுக்கில் போனால் எடுக்க வராது. பாலை மைதானத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுங்கள் என்று சொன்னோம், எங்கள் ஊரில் எடுபட்டது, இப்போது பிறந்தநாளுக்கு இரண்டு கேன் பால் வருகிறது. சந்தனம் குங்குமத்தை நெற்றியில் வைக்காமல் பீடத்தின் முன்னால் ஒரு பித்தளைத் தட்டில். கற்பூரம் பீடத்திலிருந்து நாலடி தள்ளி. சீரியல் பல்பைச் சிலைமேல் சுற்றக் கூடாது, அதைக் கட்டும் கம்பி கீறும்.

12. அடுத்தது எப்போது?

மெழுகு பூசி முடித்ததும் ஒரு கை தண்ணீரைத் தோளில் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் சரி. மாதம் ஒரு முறை இதே சோதனையைச் செய்யுங்கள். தண்ணீர் முத்தாகாமல் பரந்து படர ஆரம்பித்தால் மெழுகு தேய்ந்துவிட்டது, தேதியைப் பார்க்காமல் அடுத்த வேலைக்கு ஆளைச் சேர்க்கலாம். எங்களுக்கு முதலில் படர்வது எப்போதும் தென்கிழக்கைப் பார்த்த இடது தோள், கடல் காற்று அடிக்கிற பக்கம்.

ஒரு நோட்டில் தேதி, வந்தவர்கள், பயன்படுத்திய சோப்பு, மெழுகு, பார்த்த கீறல், களிம்பு இடங்கள் என்று எழுதி வையுங்கள். ஆட்கள் மாறுவார்கள், வேலைக்கு வெளியூர் போவார்கள். எங்கள் நோட்டை இப்போது மைதானத்தில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதுகிறாள். போன செப்டம்பரில் வலது கணுக்காலில் ஒரு மெல்லிய கோட்டைப் பார்த்துப் படம் வரைந்து குறித்து வைத்தவள் அவள்தான். வெல்டிங் ஆள் வந்து பார்த்துவிட்டார், ஜனவரிக்குள் சரிசெய்துவிடலாம் என்றிருக்கிறார், அதுவரை யாரும் ஏறாமல் இருக்கச் சிலையைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறோம்.